நிகழ்பட ஆட்ட விமர்சனம்

நிகழ்பட ஆட்ட விமர்சனம் என்பது ஒரு நிகழ்பட ஆட்டத்தை விளையாடிய ஒருவர், அவ்வாட்டத்தில் தாம் பெற்ற பட்டறிவையும் அதைப் பற்றிய தமது மதிப்பீட்டையும் பிறருக்கு எடுத்துரைப்பது ஆகும். கணினி, தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் ஆட்டக்கருவி, கைப்பேசி ஆகியவற்றில் விளையாடப்படும் அனைத்து வகை ஆட்டங்களும் இவ்வாறு விமர்சிக்கப்படுகின்றன. தொடக்கத்தில் அச்சிதழ்களின் ஒரு பகுதியாக இருந்த இவ்வெழுத்து, பின்னர் இணையத்தளங்களுக்கும் நிகழ்படங்களுக்கும் பரவியது. இன்று ஆட்டத்தை வாங்கிய எவரும் தமது கருத்தை விற்பனைத் தளத்திலேயே பதிவு செய்ய இயலும்.

ஓர் ஆட்டத்தின் விலை பெரும்பாலும் ஒரு நூலின் விலையையோ திரைப்பட நுழைவுச்சீட்டின் விலையையோ விட அதிகமாகும். அதனை முடிக்கப் பல பத்து மணி நேரம் தேவைப்படலாம். எனவே, முன்னர் விளையாடியவர் கூறும் செய்தியை நம்பியே பலர் வாங்குகின்றனர். மறுபுறம், அச்செய்தி ஆட்டத்தை உருவாக்கியவர்களின் வருவாயையும் பாதிக்கின்றது. இவ்விரு காரணங்களாலும் விமர்சனத்தின் நேர்மை தொடர்ந்து விவாதிக்கப்படும் பொருளாக உள்ளது.

மனப்பதிவும் விமர்சனமும்

ஆட்டத்தைப் பற்றிய எழுத்துக்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஆட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் விளையாடிவிட்டு, அதுவரை தோன்றியதைக் கூறுவது மனப்பதிவு எனலாம். வெளியீட்டிற்கு முன் கண்காட்சிகளில் சிறிது நேரம் விளையாடிப் பார்த்து எழுதப்படும் முன்னோட்டங்களும், அண்மையில் விளையாடியவற்றைப் பற்றி நண்பர்கள் பகிர்ந்துகொள்ளும் கருத்துக்களும் இவ்வகையைச் சாரும். ஆட்டத்தை முழுமையாகவோ, முழுமைக்கு அண்மையாகவோ விளையாடி, அதன் கூறுகளை ஆராய்ந்து முடிவு கூறுவது விமர்சனம் ஆகும்.

இவ்வேறுபாடு முக்கியமானது. ஏனெனில் பல ஆட்டங்கள் முதல் சில மணி நேரத்தில் காட்டும் முகமும் பின்னர் காட்டும் முகமும் ஒன்றல்ல. தொடக்கத்தில் எளிமையாகத் தோன்றும் ஆட்டம் பின்னர் ஆழம் பெறலாம். வியப்பூட்டும் தொடக்கத்தைக் கொண்ட ஆட்டம் பின்னர் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கலாம். ஆகவே மனப்பதிவைக் கூறுபவர், தாம் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதையும் சேர்த்துக் கூறுவது வழக்கம். ஸ்டீம் விற்பனைத் தளத்தில் ஒவ்வொரு விமர்சனத்தின் அருகிலும் எழுதியவர் விளையாடிய நேரம் தானாகவே காட்டப்படுகின்றது.

பிற கலை விமர்சனங்களிலிருந்து வேறுபாடு

ஒரு திரைப்படத்தைப் பார்க்கும் அனைவரும் ஒரே காட்சிகளை ஒரே வரிசையில் காண்கின்றனர். நிகழ்பட ஆட்டம் அவ்வாறானதன்று. விளையாடுபவரின் திறன், எடுக்கும் முடிவுகள், பயன்படுத்தும் வன்பொருள் ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொருவரும் பெறும் பட்டறிவு மாறுபடும். ஒருவர் பத்து மணி நேரத்தில் முடிக்கும் ஆட்டத்தை மற்றொருவர் பாதி வழியில் கைவிடலாம். ஆற்றல் மிக்க கணினியில் சீராக இயங்கும் ஆட்டம் பழைய கணினியில் தடுமாறலாம்.

மேலும், ஆட்டத்தின் சுவை பெரும்பாலும் கையின் வழியாகவே உணரப்படுகின்றது. பொத்தானை அழுத்தியவுடன் பாத்திரம் எவ்வளவு விரைவாகத் துலங்குகின்றது, தோல்விக்குப் பின் மீண்டும் முயலத் தூண்டுகின்றதா என்பவற்றைப் பார்வையாளராக இருந்து அறிவது கடினம். இதற்கு அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தொடர்பான நிகழ்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. நிகழ்பட ஆட்டங்கள் ஒருபோதும் கலையாக முடியாது என்று 2010 ஏப்ரல் மாதத்தில் அவர் எழுதினார். இதற்கு ஆயிரக்கணக்கானோர் மறுமொழி அளித்தனர். அதே ஆண்டு சூலையில் எழுதிய மற்றொரு கட்டுரையில், தாம் விளையாடிப் பாராத ஒன்றைப் பற்றி அவ்வாறு கருத்துக் கூறியிருக்கக் கூடாது என்று ஈபர்ட் ஒப்புக்கொண்டார். எனினும் தமது அடிப்படைக் கருத்தை அவர் கைவிடவில்லை.

விமர்சனத்தின் கூறுகள்

ஒரு நிகழ்பட ஆட்ட விமர்சனத்தில் பொதுவாகப் பின்வருவன இடம்பெறும்:

ஆட்டமுறை - விளையாடுபவர் என்ன செய்கின்றார், எவ்விதிகளுக்கு உட்பட்டுச் செய்கின்றார், அவ்விதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பன. இதுவே விமர்சனத்தின் மையப் பகுதியாகும்.

கட்டுப்பாடு - விசைப்பலகை, சுட்டி, கைப்பிடி அல்லது தொடுதிரை வழியாக இடும் கட்டளைகளுக்கு ஆட்டம் துலங்கும் விதம்.

வரைகலையும் ஒலியும் - காட்சிகளின் தெளிவு, ஓவியப் பாணி, இசை, குரல் நடிப்பு முதலியன.

கதை - கதையுள்ள ஆட்டங்களில் அதன் போக்கும் பாத்திரப் படைப்பும். முடிவை வெளிப்படுத்தாமல் எழுதுவது மரபு. வெளிப்படுத்த நேர்ந்தால் முன்னரே எச்சரிக்கை தரப்படும்.

தொழினுட்ப நிலை - வழுக்கள், ஆட்டம் இடையில் நின்றுபோதல், காட்சி தடைப்படுதல் போன்றவை. எந்தக் கருவியில் விளையாடப்பட்டது என்பதும் குறிப்பிடப்படும்.

அணுக்கம் - துணையுரைகளின் எழுத்தளவு, நிறக்குருடு உடையோருக்கான அமைப்பு, பொத்தான்களை மாற்றியமைக்கும் வசதி முதலியன. மாற்றுத்திறனாளிகளுக்கு இப்பகுதியே வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கக்கூடியதாகும்.

விலையும் நீளமும் - செலுத்தும் பணத்திற்கு ஆட்டம் தருவது என்ன என்பது. ஆட்டத்திற்குள் மேலும் பணம் செலுத்த வேண்டியுள்ளதா என்பதும் இதில் அடங்கும்.

வரலாறு

அச்சிதழ்கள்

நிகழ்பட ஆட்டங்களுக்கான தொடர் விமர்சனங்களுள் முன்னோடியானது, அமெரிக்காவின் வீடியோ என்னும் இதழில் 1979 ஆம் ஆண்டு தொடங்கிய "ஆர்க்கேட் ஆலி" என்ற பத்தியாகும். இதனை ஆர்னி காட்ஸ், பில் குங்கெல் ஆகியோர் எழுதினர். இவர்களும் ஜாய்ஸ் வோர்லியும் இணைந்து 1981 ஆம் ஆண்டில் எலக்ட்ரானிக் கேம்ஸ் என்ற இதழைத் தொடங்கினர். அதே ஆண்டு நவம்பரில் பிரித்தானியாவில் கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ் இதழ் வெளிவந்தது.

1980களில் பிரித்தானியாவில் வீட்டுக் கணினிகள் பரவியபோது, ஒவ்வொரு கணினி வகைக்கும் தனி இதழ்கள் தோன்றின. இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணினிக்கான கிராஷ் 1984 இலும், கொமடோர் 64 கணினிக்கான சாப்!64 1985 இலும் தொடங்கப்பட்டன. இவ்விதழ்களில் ஒரே ஆட்டத்தைப் பற்றிப் பலர் தனித்தனியே கருத்துக் கூறினர். ஒருவர் புகழ்ந்ததை அடுத்தவர் மறுப்பதும் உண்டு. இதனால் வாசகர் தமது சுவைக்கு நெருங்கியவர் யார் என்பதை அறிந்து, அவரது கருத்தைப் பின்பற்ற முடிந்தது.

யப்பானில் 1986 ஆம் ஆண்டு தொடங்கிய ஃபமிட்சு இதழும் இதையொத்த முறையைக் கையாண்டது. நான்கு விமர்சகர்கள் ஒவ்வொருவரும் பத்துக்கு மதிப்பெண் இடுவர். மொத்தம் நாற்பது ஆகும். நாற்பதும் பெற்ற முதல் ஆட்டம் 1998 இல் வெளிவந்த தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம் ஆகும். பிரித்தானியாவில் 1993 இல் தொடங்கிய எட்ஜ் இதழ் இதற்கு மாறாக, எழுதியவரின் பெயரைக் குறிப்பிடாமல் இதழின் பொதுக் குரலில் விமர்சனங்களை வெளியிட்டது. எட்ஜ் முதன்முதலில் பத்துக்குப் பத்து வழங்கிய ஆட்டம் சூப்பர் மாரியோ 64 ஆகும்.

இணையத்தளங்கள்

1996 ஆம் ஆண்டில் கேம்ஸ்பாட், ஐ.ஜி.என். ஆகிய தளங்கள் தொடங்கப்பட்டன. மாத இதழுக்காகக் காத்திராமல் ஆட்டம் வெளிவரும் நாளிலேயே விமர்சனத்தைப் படிக்க இவை வழிசெய்தன. காலப்போக்கில் அச்சிதழ்கள் பல நின்றுபோயின. 1988 இல் தொடங்கிய நின்டெண்டோ பவர் 2012 இல் நிறுத்தப்பட்டது. 1991 இல் தொடங்கிய கேம் இன்ஃபார்மர் 2024 ஆகத்தில் மூடப்பட்டு, 2025 மார்ச்சில் புதிய உரிமையாளரின் கீழ் மீண்டும் தொடங்கப்பட்டது.

2000களின் நடுப்பகுதியிலிருந்து, விளையாடுவதைப் பதிவு செய்து அதனுடன் தமது கருத்தையும் பேசி வெளியிடும் வழக்கம் பரவியது. 2011 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டுவிட்ச் தளம், விளையாட்டை நேரலையாக ஒளிபரப்ப உதவியது. இதன் மூலம் பார்ப்பவர், விமர்சகரின் சொற்களை மட்டும் நம்பாமல் ஆட்டத்தைத் தாமே கண்டு முடிவு செய்ய முடிந்தது.

புதிய ஆட்ட இதழியல்

பிரித்தானிய எழுத்தாளர் கீரன் கில்லன் 2004 ஆம் ஆண்டு "புதிய ஆட்ட இதழியல்" என்ற கருத்தை முன்வைத்தார். ஆட்டத்தை ஒரு பொருளாகக் கருதி அதன் உறுப்புக்களைப் பட்டியலிடுவதை விட, அதனுள் சென்ற ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுத வேண்டும் என்பது இதன் சாரம் ஆகும். கற்பனை இடங்களுக்குச் சென்று வந்தவர் எழுதும் பயணக் கட்டுரை போல இவ்வெழுத்து அமைய வேண்டும் என்று அவர் கருதினார். இது எழுதுபவரைப் பற்றிய எழுத்தாக மாறிவிடும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. எனினும், மதிப்பெண்ணுக்கு அப்பால் மனப்பதிவுக்கு ஓர் இடம் உண்டு என்பதை இக்கருத்து வலியுறுத்தியது.

மதிப்பெண்கள்

பெரும்பாலான விமர்சனங்களின் இறுதியில் மதிப்பெண் அல்லது விண்மீன் குறி வழங்கப்படுகின்றது. 2001 ஆம் ஆண்டு தொடங்கிய மெட்டாகிரிட்டிக் தளம், பல வெளியீடுகள் வழங்கும் மதிப்பெண்களை நூற்றுக்கு மாற்றி, ஒரு சராசரியைக் கணிக்கின்றது. எல்லா வெளியீடுகளுக்கும் இதில் சமமான எடை இல்லை. எந்த வெளியீட்டுக்கு எவ்வளவு எடை என்பதைத் தளம் வெளியிடுவதில்லை. ஆட்டங்களுக்கு 75 உம் அதற்கு மேலும் பச்சை நிறத்திலும், 50 முதல் 74 வரை மஞ்சளிலும், அதற்குக் கீழ் சிவப்பிலும் காட்டப்படுகின்றன.

இச்சராசரி வாசகருக்கு ஒரு வழிகாட்டியாகத் தொடங்கியது. பின்னர் நிறுவனங்கள் இடையிலான ஒப்பந்தங்களிலும் இடம்பெறத் தொடங்கியது. அப்சிடியன் நிறுவனம் உருவாக்கி 2010 இல் வெளிவந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும். மெட்டாகிரிட்டிக்கில் 85 பெற்றால் ஊக்கத்தொகை கிடைக்கும் என்பது ஏற்பாடு என்றும், ஆட்டம் 84 பெற்றதால் அத்தொகை கிடைக்கவில்லை என்றும் அதன் உருவாக்குநர்களுள் ஒருவரான கிறிஸ் அவெலோன் 2012 இல் தெரிவித்தார். ஒரு விமர்சகர் ஒரு வாசகருக்காக இட்ட எண், அவர் அறியாமலேயே பலரது ஊதியத்தைத் தீர்மானிக்கும் எண்ணாக மாறக்கூடும் என்பதை இது காட்டியது.

இத்தகைய காரணங்களால் சில தளங்கள் மதிப்பெண்ணைக் கைவிட்டன. யூரோகேமர் 2015 இல் எண்களை நீக்கியது. பின்னர் 2023 இல் ஐந்து விண்மீன் முறையை ஏற்றது. பாலிகன் 2018 இல் மதிப்பெண் இடுவதை நிறுத்தியது.

விளையாட்டாளர் விமர்சனங்கள்

ஸ்டீம் தளம் 2013 நவம்பரில் விளையாட்டாளர் விமர்சனங்களை அறிமுகப்படுத்தியது. இதில் எண் மதிப்பெண் கிடையாது. பரிந்துரைக்கின்றேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். பரிந்துரைத்தோரின் விழுக்காட்டைக் கொண்டு ஆட்டத்தின் பொதுநிலை காட்டப்படுகின்றது. எனவே அங்கு காணப்படும் விழுக்காடு ஆட்டத்தின் தரத்தைக் குறிப்பதன்று. எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதையே அது குறிக்கின்றது. எல்லோருக்கும் ஓரளவு பிடித்த ஆட்டம், சிலருக்கு மிகவும் பிடித்த ஆட்டத்தை விட உயர்ந்த விழுக்காட்டைப் பெறும்.

2015 சூன் முதல் ஸ்டீமில், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். இதனால் வாங்குபவர் தமது சொந்த மனப்பதிவைக் கொண்டே முடிவு செய்ய ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

விமர்சனத் தாக்குதல்

குறுகிய காலத்தில் பெருந்தொகையானோர் ஒருங்கே எதிர்மறைக் கருத்துக்களைப் பதிவு செய்வது ரிவியூ பாம்பிங் அல்லது விமர்சனத் தாக்குதல் எனப்படுகின்றது. 2008 இல் ஸ்போர் என்ற ஆட்டம் வெளிவந்தபோது, ஆட்டத்தை நிறுவும் எண்ணிக்கையை மட்டுப்படுத்திய நகலெடுப்புத் தடுப்பு முறையை எதிர்த்து, அமேசான் தளத்தில் பலர் ஒரு விண்மீன் வழங்கினர். இது தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. 2020 சூன் 19 அன்று வெளிவந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2 ஆட்டத்திற்கு, எவரும் அதனை முடித்திருக்க இயலாத சில மணி நேரத்திற்குள் ஆயிரக்கணக்கான எதிர்மறைக் கருத்துக்கள் மெட்டாகிரிட்டிக்கில் குவிந்தன. அடுத்த மாதம், வெளியீட்டிற்குப் பின் 36 மணி நேரம் கழித்தே பயனர்கள் கருத்துக் கூறலாம் என்ற விதியை அத்தளம் கொண்டுவந்தது.

எதிர்மறைக் கருத்துக்கள் குவிவது எப்போதும் தீங்கானது எனக் கூற இயலாது. 2024 மே மாதத்தில் ஹெல்டைவர்ஸ் 2 ஆட்டத்தைக் கணினியில் விளையாட, சோனியின் பிளேஸ்டேசன் வலையமைப்புக் கணக்கு கட்டாயம் என அறிவிக்கப்பட்டது. அவ்வலையமைப்பு இல்லாத நாடுகளில் ஆட்டத்தை வாங்கியிருந்தோர் அதனை இழக்கும் நிலை உருவானது. ஸ்டீமில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் பதிவாயின. சில நாட்களுக்குள் சோனி அம்முடிவைத் திரும்பப் பெற்றது. 2019 மார்ச் முதல், ஆட்டத்துடன் தொடர்பற்ற காரணங்களால் குவியும் கருத்துக்களை ஸ்டீம் அடையாளம் கண்டு பொதுக் கணிப்பிலிருந்து விலக்கி வருகின்றது. எது தொடர்புடைய காரணம், எது தொடர்பற்றது என்பதே இதில் எழும் கடினமான வினாவாகும்.

நடுநிலைமை

விமர்சன வெளியீடுகள் பலவும் ஆட்ட நிறுவனங்களின் விளம்பரங்களையே வருவாயாகக் கொண்டுள்ளன. விமர்சிக்கப்படும் ஆட்டமும் பெரும்பாலும் அந்நிறுவனங்களாலேயே முன்கூட்டி இலவசமாக வழங்கப்படுகின்றது. குறிப்பிட்ட நாள் வரை விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. இந்நிபந்தனை எல்லோரும் அவசரமின்றி விளையாடி எழுத உதவுகின்றது. ஆனால் விற்பனை தொடங்கும் வரை குறைகள் வெளிவராமல் தடுக்கவும் இதனைப் பயன்படுத்த இயலும்.

2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தின் ஆசிரியர்களுள் ஒருவரான ஜெஃப் கெர்ஸ்ட்மன் பணிநீக்கம் செய்யப்பட்டார். அத்தளத்தில் பெருமளவு விளம்பரம் செய்யப்பட்டிருந்த கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென் ஆட்டத்திற்கு அவர் பத்துக்கு ஆறு வழங்கியிருந்தார். அவரைத் தொடர்ந்து வேறு சில எழுத்தாளர்களும் விலகினர். 2008 இல் அவர் ஜயண்ட் பாம் தளத்தைத் தொடங்கினார். விளம்பர நிறுவனங்களின் அழுத்தம் தமது பணிநீக்கத்தில் பங்கு வகித்தது என்பதை 2012 இல் அவர் வெளிப்படையாகக் கூறினார்.

நிகழ்பட வெளியீட்டாளர்களுக்கும் இச்சிக்கல் பொருந்தும். 2014 இல் வெளிவந்த மிடில் எர்த்: சேடோ ஆஃப் மோர்டோர் ஆட்டத்தைப் புகழ்ந்து பேச யூடியூப் வெளியீட்டாளர்களுக்குப் பணம் வழங்கப்பட்டது பார்வையாளர்களுக்குப் போதிய அளவு தெரிவிக்கப்படவில்லை என அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2016 இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் இதில் இணக்கத்திற்கு வந்தது.

மாறிக்கொண்டிருக்கும் ஆட்டங்கள்

அச்சிட்ட நூல் மாறுவதில்லை. ஆனால் இணையவழி இற்றைப்படுத்தல்களால் ஓர் ஆட்டம் வெளியீட்டிற்குப் பின்னரும் மாறிக்கொண்டே இருக்கலாம். 2020 திசம்பர் 10 அன்று வெளிவந்த சைபர்பங்க் 2077, முன்கூட்டியே கணினிப் பதிப்பாகவே விமர்சகர்களுக்கு வழங்கப்பட்டது. அதனால் தொடக்க விமர்சனங்கள் உயர்ந்த மதிப்பெண்களைக் கொண்டிருந்தன. பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கருவிகளில் ஆட்டம் கடுமையான குறைகளுடன் இயங்கியதை வாங்கியவர்களே முதலில் கண்டனர். ஒரு வாரத்திற்குப் பின் சோனி தனது விற்பனைத் தளத்திலிருந்து ஆட்டத்தை நீக்கியது. 2021 சூனில் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. 2023 செப்டம்பரில் வெளியான 2.0 பதிப்புக்குப் பின் ஆட்டம் பெரிதும் பாராட்டப்பட்டது.

2016 ஆகத்தில் வெளிவந்த நோ மான்ஸ் ஸ்கை, முன்னர் அறிவிக்கப்பட்ட பல கூறுகள் இல்லாமையால் ஸ்டீமில் மிகக் கடுமையான எதிர்ப்பைப் பெற்றது. பல ஆண்டுகள் தொடர்ந்து இலவச இற்றைப்படுத்தல்கள் வழங்கப்பட்டன. 2024 நவம்பரில் அதன் பொதுநிலை மிகப் பெரும்பான்மையோர் பரிந்துரைக்கும் "மிகவும் நேர்மறை" நிலைக்கு உயர்ந்தது. இத்தகைய ஆட்டங்களைப் பொறுத்தவரை, விமர்சனம் எழுதப்பட்ட நாளைப் பார்க்காமல் அதனைப் படிப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

தமிழரும் நிகழ்பட ஆட்ட விமர்சனமும்

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் உருவாக்கி 2023 சூலை 31 அன்று வெளிவந்த வெண்பா, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைக் கூறுகின்றது. தாயின் சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன பகுதிகளைக் கண்டறிந்து உணவு சமைப்பதே இதன் ஆட்டமுறையாகும். இவ்வாட்டத்தை ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இதன் நீளம் போதுமா என்பது விமர்சனங்களில் பேசப்பட்ட பொருள்களுள் ஒன்றாகும். இட்டலியையும் புட்டையும் வீட்டில் கண்டறிந்த ஒருவருக்கும், முதன்முறை ஆட்டத்திலேயே காணும் ஒருவருக்கும் இது ஒரே மனப்பதிவைத் தருவதில்லை. முன்னவருக்கு நினைவாக அமைவது, பின்னவருக்குப் புதிராக அமையும். வெண்பா 2024 ஆம் ஆண்டு பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்திற்கான விருதைப் பெற்றது.

மனப்பதிவைப் பகிர்தல்

மேற்கூறியவற்றிலிருந்து, ஓர் ஆட்டத்தைப் பற்றிய கருத்தைப் படிப்போருக்கு எவை தேவை என்பதை அறியலாம். எழுதியவர் எவ்வளவு நேரம், எக்கருவியில், எப்பதிப்பை விளையாடினார் என்பதும், ஆட்டத்தைப் பணம் கொடுத்து வாங்கினாரா அல்லது இலவசமாகப் பெற்றாரா என்பதும் முதன்மையானவை. இவ்வகை ஆட்டங்களில் அவருக்கு முன்பே பழக்கம் உண்டா என்பதும் உதவும். "நன்றாக உள்ளது" என்பதை விட, எந்த இடத்தில் எதனால் நன்றாக இருந்தது என்பதே படிப்பவருக்குப் பயன்படும். காரணம் கூறப்பட்டிருப்பின், எழுதியவரின் முடிவை ஏற்காத வாசகரும் அதே விமர்சனத்தைக் கொண்டு தமக்கான முடிவை எடுக்க இயலும். ஒருவர் குறையாகக் கூறும் கடினத்தன்மையே மற்றொருவர் அவ்வாட்டத்தை வாங்குவதற்குக் காரணமாகவும் அமையலாம்.